கலைச்செல்வி பதில் சொல்லாத ஹூ

கரவனெல்ல கடைத்தெருவில் போய்க் கலைச்செல்வி எங்கே என்று கேட்டால் கையை விரிப்பார்கள். கயாக் அக்கா எங்கே என்று கேட்டுப் பாருங்கள். சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி வழி சொல்வதோடு, துணைக்கு ஒரு ஆளையும் அனுப்பி வைப்பார்கள். சின்ன உருவம், நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. ஆண்கள் இருவராகச் சேர்ந்து தூக்கும் மஞ்சள் கயாக் படகை அவள் சும்மாடு கட்டி, விறகுக் கட்டைத் தூக்குவது போல ஒற்றை ஆளாகத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கிவிடுவாள். முதல்முறை பார்க்கும் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு கைப்பேசியை எடுப்பார்கள். அவள் அதற்காகவெல்லாம் நின்று முகம் காட்டுவதில்லை. சுமையோடு நிற்பது நடப்பதைவிடக் கஷ்டம், அது படம் எடுக்கிறவருக்கு எங்கே தெரியப்போகிறது!

அவள் பிறந்தது யட்டியாந்தோட்டைக்குக் கீழே, ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். லயத்தின் பின்னால் இறங்கும் ஒற்றையடிப் பாதை நேரே களனி கங்கையில் போய் முடியும். பெண்பிள்ளைகள் குளித்தோமா, துணியை அலசினோமா, ஏறி வந்தோமா என்று இருக்க வேண்டிய இடம் அது. இவள் காலி எண்ணெய்க் கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தப் பழகினாள். கேனைக் காணோம் என்று ஒருநாள், பாவாடை காயவில்லை என்று இன்னொரு நாள் அடி விழுந்தது. அடி வலித்த இடம் மறந்துபோயிற்று, நீச்சல் மறக்கவில்லை.

பிறகு எல்லாரையும் போலப் பால் வெட்டப் போனாள். பக்கத்து லயத்துப் பழனிமுத்துவைக் கட்டிக்கொண்டாள். நிலுஷா பிறந்தாள். இருவரும் விடியுமுன் கத்தியும் வாளியுமாக மலையேறி, மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் சொட்டும் பாலைச் சேர்த்துக்கொண்டு இறங்குவார்கள். மற்றவர்கள் மதியத்துக்குப் பிறகு காலை நீட்டுவார்கள். இவளுக்கு அது முடியாது. கரவனெல்லயில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பளீல் நானா, கித்துல்கலவில் வெள்ளைக்காரர்கள் ரப்பர்ப் படகில் குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு ரப்பர்ப் படகும் சில கயாக்குகளும் வாங்கிப் போட்டிருந்தார். நனைந்த மிதவை அங்கிகளை அலசிக் காயப்போட ஆள் தேவைப்பட்டது. அங்கே போய்ச் சேர்ந்தாள். மரத்திலிருந்து நாங்கள் எடுத்த பால்தான் படகாகித் திரும்பி வந்திருக்கிறது, அதைக் கழுவவும் நாங்களே வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வழிகாட்டியாக இருந்த பிரதாப் டுபாய்க்குப் போனதும் பளீல் நானா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரெல்லாம் ஆள் தேடினார். கொடியில் அங்கியைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தவள், தான் போவதாகச் சொன்னாள். அவர் முதலில் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார். அவள் அங்கியைக் கீழே வைத்துவிட்டு, அவர் கண்முன்னே ஒரு கயாக்கை ஆற்றில் தள்ளி ஏறி, அதை வேண்டுமென்றே கவிழ்த்து, அடியில் போய், மறுபடி நிமிர்த்தி ஏறி உட்கார்ந்து காட்டினாள். மதியங்களில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எத்தனையோ தரம் விழுந்து பழகிய வித்தை அது. "ஒனக்கு ஏலும் தங்கச்சி. எனக்குத்தான் பார்க்க ஏலாமக் கெடக்கு" என்றார் நானா. அப்புறம் கித்துல்கலவில் பையன்களோடு பையன்களாகப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே அவளை முதலில் சமையலுக்கு வந்தவள் என்று நினைத்தவர்கள், போகும்போது அக்கே அக்கே என்று பின்னாலேயே வந்தார்கள்.

ஆற்றில் அவளோடு போவது தனிச் சுகம். யட்டியாந்தோட்டைக்கு மேலே வெள்ளை நுரை கக்கும் இடங்களில் ரப்பர்ப் படகு, கீழே தண்ணீர் அடங்கியதும் ஆளுக்கொரு கயாக். பறவைக்கு ஆங்கிலப் பெயர் சொல்ல அவளுக்குத் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டாள். ஆனால் மூங்கில் புதருக்குள் எந்த நேரத்தில் கபரகொய்யா என்கிற நீருடும்பு வெயில் காயும், எந்த மணல்திட்டில் எந்த ஊர்ப் பெண்கள் குளிப்பார்கள், அந்த இடத்தில் நாம் ஏன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு துடுப்புப் போட வேண்டும், எல்லாம் சொல்வாள். இடுப்பில் கைவைத்து வேலை வாங்குகிற மாதிரி ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பெரும்பாறைக்குத் தோட்டத்தில் கங்காணிப் பாறை என்று பெயர். அதைத் தாண்டும்போது கொழும்பு ஆட்களையும் குனிந்து சலாம் போட வைத்துவிடுவாள்.

எல்லாம் சரி, வீட்டில்தான் சரியில்லை.

பழனிமுத்து கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டமாட்டான். அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். சில வருடங்களுக்கு முன்னால், மேலே எங்கோ பெய்த மழையில் தண்ணீர் சட்டென்று ஏறியபோது குளித்துக்கொண்டிருந்தவனை ஆறு கொண்டுபோயிற்று. அன்றைக்குக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் பழனிமுத்து. நீச்சல் தெரியாது, நின்றுதான் பார்க்க முடிந்தது. அதற்குப் பிறகு அவன் ஆற்றில் காலை நனைத்ததில்லை. குளியல் மலையூற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீரில்தான். ஆற்றங்கரைப் பாதையை விட்டு, சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகப் போவான்.

மனைவி அங்கி துவைத்த வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அவள் பால் வெட்டை விட்டுத் துடுப்பைக் கையில் எடுத்த அன்று, "ஒன்னையும் கரையில நின்னு பாக்க என்னால ஆகாது" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். பிறகு பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே அறைக்குள் மூன்று பேர் இருக்கிற லயத்து வீட்டில் பேசாமல் இருப்பது லேசான காரியமா? மனைவி எட்டுகிற தூரத்தில் நிற்பாள், இவன் மகளிடம், "நிலுஷா, ஒங்கம்மாவ அந்தச் சொம்ப எடுக்கச் சொல்லு" என்பான். நிலுஷா சொல்லமாட்டாள், அவளே எடுத்துக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தோடு வெளியே போய்விடுவாள். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

அதற்குள் அவன் இன்னொரு ஏற்பாடும் செய்தான். ஓப்பநாயக்கவில் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் அக்காவிடம் போனில் பேசி, குடும்பத்தோடு அங்கே வந்துவிடுவதாகச் சொல்லி வைத்தான். தீபாவளி முடிந்ததும் பயணம். அவள் வராவிட்டால் தானும் மகளும் மட்டும் போவதாக நிலுஷா மூலம் தகவல் வந்தது. ஆறா, வீடா என்று கலைச்செல்வியே முடிவு செய்துகொள்ள வேண்டும். அவள் யாரிடமும் அழவில்லை. பளீல் நானாவிடம் மட்டும், தீபாவளிக்குப் பிறகு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா என நினைத்து, சொல்ல வாயெடுத்து, ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். ஆறு அவளுக்குக் கூலி மட்டும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் போ என்றால் போகிற, நில் என்றால் நிற்கிற ஒரு பொருளில் அவள் உட்கார்ந்திருந்தாள். அதை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இங்கே ஹூ பற்றிச் சொல்லியாக வேண்டும். ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படமாட்டார்கள். புதருக்குள் பாம்பு கிடக்கும், பன்றிக்கு வைத்த, கயிறு தட்டினால் வெடிக்கிற கட்டுத்துவக்குக் கிடக்கும். அதனால் இடைக்கிடை ஒருவர் நீளமாக ஒரு ஹூ வைப்பார். கேட்டவர் அதே போலத் திருப்பி வைக்க வேண்டும். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா, இருக்கிறேன், அவ்வளவுதான் பேச்சு. பதில் வராவிட்டால் இன்னொரு முறை. அதற்கும் வராவிட்டால் கத்தியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். சண்டைக்காரன் வைத்த ஹூவுக்கும் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பது தோட்டத்து ஒழுங்கு.

ஆனால் அதே ஹூவுக்கு நாட்டில் இன்னொரு அர்த்தமும் உண்டு. மேடையில் பேசுகிறவரைப் பிடிக்கவில்லையா, மட்ச்சில் தோற்றுவிட்டார்களா, கூட்டம் ஹூ அடித்துக் கேலி செய்யும். கலைச்செல்வி கயாக்கில் போக ஆரம்பித்த நாளிலிருந்து தொங்குபாலத்தில் நிற்கும் வேலையற்ற பையன்கள் தினமும் அவளுக்கு அந்த ஹூவைத்தான் அடித்தார்கள். ஹெல்மட் போட்ட தோட்டத்துப் பெண் அவர்களுக்கு வேடிக்கை. அவள் காதைக் கேளாக் காதாக்கிக்கொண்டு போவாள். அப்படியும் உள்ளே ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டுதான் இருந்தது.

தீபாவளிக்கு முந்திய வாரம் கொழும்பிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள், அப்லாலும் இஸ்ராவும். மாப்பிள்ளை ஒரே துள்ளல், பெண் பயந்த சுபாவம். நல்ல வெயில், தண்ணீர் கண்ணாடி. இஸ்ராவுக்குத் துடுப்பைப் பிடிக்கும் விதத்தைப் பொறுமையாகக் காட்டிக் கொடுத்து, மூன்று கயாக்குகளையும் கங்காணிப் பாறைக்குக் கொண்டு வந்திருந்தாள் கலைச்செல்வி. அப்போது மேலே ரப்பர் மலையிலிருந்து ஒரு ஹூ வந்தது.

தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். இலைகளுக்கு நடுவே பழனிமுத்து. அந்தப் பக்கத்து மலை அவனுடையது இல்லை, யாரோ வேலைக்கு வராததால் மாற்றிவிட்டிருக்கிறார்கள் போல. பக்கத்தில் பால் எடுக்கும் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஒரு ஹூ பாறையில் மோதி ஹூ, ஹூ, ஹூ என்று உடைந்து திரும்பியது, தொங்குபாலத்துப் பையன்கள் அடிப்பது போலவே. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. ஊரான் வீட்டுப் பையன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். கட்டினவனும் ஆள் சேர்த்துக்கொண்டு அடிக்கிறானே! இரண்டாவது ஹூவும் வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு துடுப்பை ஓங்கிப் போட்டாள். இனி இந்த மனிதன் ஓப்பநாயக்கவுக்குப் போனால் என்ன, எந்த மூலைக்குப் போனால் எனக்கென்ன என்று அந்த நிமிடத்தில் அவள் மனதார நினைத்தாள்.

பாறைக்கு அப்பால் ஆழமான, அடங்கிய மடு. அங்கே விருந்தாளிகளைத் தண்ணீரில் இறங்க விடுவது வழக்கம். அப்லால் அனுமதி கேட்டுக்கொண்டு, பெண்டாட்டிக்கு வீரம் காட்டத் தன் கயாக்கைக் கவிழ்த்துவிட்டுக் குதித்தான். அங்கி போட்டிருந்தான், ஆபத்தில்லை. கவிழ்ந்த கயாக் மட்டும் பாறையோரம் பின்னோக்கிச் சுழலும் தண்ணீரில் மாட்டி, வந்த பக்கமாகவே மெதுவாக நகர்ந்து பாறைக்கு அந்தப் புறம் போய்விட்டது. இருவரையும் மணலில் ஏற்றி, அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அதை எடுத்துவரத் துடுப்புப் போட்டாள் கலைச்செல்வி. பாறையைச் சுற்றித் திரும்பியதும் அவள் கண்ட காட்சி அவளுக்குச் சாகும்வரை மறக்காது.

கழுத்தளவு தண்ணீரில் பழனிமுத்து. கவிழ்ந்து கிடந்த மஞ்சள் கயாக்கை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி அடியில் தேடிக்கொண்டிருந்தான். சத்தம் வராத வாயால் கலை, கலை என்றான். அவள் கூப்பிடுமுன் கால் வழுக்கியது. கயாக் ஒரு பக்கம் போக, அவன் தலை உள்ளே போயிற்று.

கலைச்செல்வி கத்தவில்லை, குதிக்கவுமில்லை. கை தானாக வேலை செய்தது. மூன்று வீச்சில் போய், கயாக்கின் முனையை அவன் பக்கம் திருப்பி நிறுத்தினாள். அவன் தலை மேலே வந்ததும் கண் தெரியாமல் அவள் கையைத் தேடித் துழாவினான். அப்படிக் கொடுத்தால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். "என்னங்க, என் கையப் புடிக்காதீங்க. படகப் புடிங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். இஸ்ராவுக்குத் துடுப்பைச் சொல்லிக் கொடுத்த அதே நிதானமான குரல். அவன் பிடித்தான். இத்தனை வருடக் கல்யாணத்தில் அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் அவன் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். முனையைக் கட்டிக்கொண்டு தொங்கியவனை அவள் பின்துடுப்புப் போட்டு இழுத்து வந்து மணலில் சேர்த்தாள். அப்லால் ஓடி வந்து தூக்கினான். குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்து, மூச்சு ஒழுங்காகிற வரைக்கும் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பழனிமுத்து மகளைத் தேடவில்லை, வேறு யார் மூலமும் சொல்லவில்லை. நேரே அவள் முகத்தைப் பார்த்தான்.

"பதில் சொல்லலியே நீ. ரெண்டு தடவ கூப்பிட்டேன்."

"நீங்களும் என்னையக் கேலி பண்றீங்கன்னு நெனைச்சேன்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கிப்போயிற்று. அவள் வளைவில் வருவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தானாம். இவ்வளவு நேராக, இவ்வளவு லேசாகத் தண்ணீரில் வருகிறவள் தன் பெண்டாட்டியா என்று நினைத்தானாம். பேசி இரண்டு மாதமாயிற்றே, என்னவென்று ஆரம்பிப்பது? ஹூவுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது அல்லவா, அதனால் அதை வைத்தானாம். பெண்கள் சிரித்தது அண்ணன் வழிக்கு வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில். இதையெல்லாம் இருமலுக்கு நடுவே துண்டு துண்டாகச் சொல்லி முடித்துவிட்டு, "ஊரே கேலி பண்ணினாலும் நான் பண்ணுவேனா கலை?" என்றான்.

மலையில் அத்தனை வருடம் பால் வெட்டியவள், ஒரு ஹூவை அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டாள். தம்பி போன நாளிலிருந்து தண்ணீரில் கால் வைக்காத மனிதன், நீச்சல் தெரியாத மனிதன், அவள் இல்லாத ஒரு படகுக்கு அடியில் அவளைத் தேடி இறங்கியிருக்கிறான். அவளுக்கு அவன் மீது வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

இஸ்ரா மெதுவாக வந்து, "அக்கா, நாங்க இங்கயே முடிச்சிக்குவம். வேன வரச் சொல்லுங்க. நீங்க அவரோட வீட்டுக்குப் போங்க" என்றாள். நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. ஆனால் கலைச்செல்விக்குப் பயம் வந்தது. இன்றைக்கு இந்த மணலில் படகை ஏற்றிக் கட்டினால், நாளைக்கு அதை இறக்குகிற தைரியம் அவனுக்கும் இருக்காது, அவளுக்கும் இருக்காது. அவள் கணவனைப் பார்த்தாள்.

அவன் ஆற்றைப் பார்த்தான்.

"இன்னும் எவ்வளவு தூரம் போகணும்?" என்று கேட்டான்.

கரவனெல்லப் பாலம் வரைக்கும் என்றாள்.

"வந்தவங்கள நடுவழியில வுட்டுட்டு வர்றதா? என்ன பேச்சு இது" என்று தள்ளாடிக்கொண்டே எழுந்தான். மலையில் அவன் போட்டுவிட்டு வந்த பால் அப்படியே கிடந்தது. இனியும் நின்றால் சிரட்டையோடு உறைந்துவிடும். ஈரச் சாரத்தைப் பிழிந்து முடிந்துகொண்டு, கரையில் ஏறப் பார்த்து, நின்றான்.

"நீ போயிட்டு வா. நானும் வேலைய முடிச்சிட்டு வர்றேன். ராவைக்கு ஓப்பநாயக்கவுக்குப் போன் எடுத்து, நாங்க வரலைன்னு அக்காகிட்ட நீயே சொல்லிடு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் ஆத்துல வுழுந்தத மட்டும் சொல்லாத" என்றான்.

கலைச்செல்விக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. விருந்தாளிகள் முன்னால் அழக் கூடாது என்று கித்துல்கலப் பயிற்சியில் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.